கன்று நடுவது எளிது, காப்பது யார்? – சென்னைக் கல்லூரி வளாகங்களின் பசுமைக் கேள்வி

ஆண்டுதோறும் ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். அதையொட்டி சென்னையின் கல்லூரிகளில் மரக்கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. சிறப்பு விருந்தினர் ஒரு கன்றை நடுகிறார், கல்லூரி முதல்வர் தண்ணீர் ஊற்றுகிறார், மாணவர்கள் பதாகை பிடித்து நிற்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தக் கன்று அடுத்த ஜூனில் உயிரோடு இருந்ததா என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

வளாகத்தைப் பசுமையாக்குவோம் என்று மாணவர்கள் கிளம்புவது நல்ல செய்தி. அந்த ஆர்வத்தை விழாவோடு முடித்துவிடாமல் எங்கே திருப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வளாகத்தின் பசுமையில் புதிதாக நடும் கன்றின் பங்கு சிறியது. ஏற்கெனவே நிற்கும் மரம், அதன் காலடி மண், அந்த மண்ணில் இறங்கும் மழை ஆகியவற்றைக் காப்பதே பெரிய பங்கு. அந்தக் காவலை மாணவர்கள் ஏற்க வேண்டும். அதற்கான இடத்தை நிர்வாகங்கள் தர வேண்டும். பெற்றோராகிய நாம் துணை நிற்க வேண்டும்.

ஏரி இருந்த இடத்தில் ஒரு நகரம்

பெருநாளுக்குத் துணி எடுக்க தி.நகர் போகும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி என்று தெரியும்? மயிலாப்பூரையும் மாம்பலத்தையும் ஒட்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து 1920களில் உருவாக்கிய குடியிருப்புதான் தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரியும் அப்படியே மறைந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரி நிலத்தில்தான். ஏரி போன பிறகும் மழைநீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வருகிறது. பெருமழை நாட்களில் அந்தத் தெருக்களில் தண்ணீர் தேங்குவதன் பின்னணியில் இந்த வரலாறும் இருக்கிறது.

இன்று தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் மழை நேரடியாக மண்ணில் இறங்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பூங்காக்கள், கிண்டிக் காடு, ஆற்றங்கரைகள், அவற்றுக்கு அடுத்தபடியாகக் கல்விக்கூட வளாகங்கள். மெரினாவில் ராணி மேரி கல்லூரி, கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ், மயிலாப்பூரில் விவேகானந்தா கல்லூரி, நந்தனத்தில் அரசுக் கலைக் கல்லூரி, அடையாற்றை ஒட்டி அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. என இந்த வரிசை நீளும். 1951இல் தொடங்கிய ராயப்பேட்டை புதுக்கல்லூரியும், 1955இல் தொடங்கி நம் வீடுகளில் இன்றும் எஸ்.ஐ.இ.டி. என்றே அழைக்கப்படும் தேனாம்பேட்டை நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரியும் இதே வரிசையில்தான் வருகின்றன.

அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இருக்கும் இடத்தின் பழைய பெயர் உம்தா பாக். பாக் என்றால் தோட்டம். தோட்ட மாளிகைகளாக இருந்த நிலங்கள்தான் பிற்காலத்தில் பல கல்லூரிகளுக்கு இடம் தந்தன. இந்த வளாகங்களில் இன்றும் நூறடி நடந்தால் நிழல் கிடைக்கிறது என்றால், அது முந்தைய தலைமுறைகள் விட்டுச் சென்ற சொத்து.

அந்தச் சொத்தின் மதிப்பை ஒரு கணக்கில் பார்ப்போம். சென்னையின் ஆண்டு சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் விழும் மழை அப்படியானால் ஏறக்குறைய 56 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் அளந்தால் 470 லாரிகள். ஓர் ஏக்கர் மண்ணின் மீது சிமென்ட் போடும்போது அதில் பெரும்பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். குடத்தோடு லாரியின் பின்னால் ஓடிய நகரத்தில் திறந்த மண் என்பது தண்ணீர்த் தொட்டி.

2003இல் மெரினா, 2025இல் ஹைதராபாத்

மாணவர்கள் நினைத்தால் வளாகத்தைக் காக்க முடியுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, சென்னையின் முதல் மகளிர் கல்லூரி. 2003இல் அந்த வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டும் திட்டத்தை அன்றைய தமிழக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து போராடினார்கள். ஆசிரியைகளும் முன்னாள் மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது, திட்டம் கைவிடப்பட்டது. மாணவிகள் அன்று கேட்டது மரத்தை அல்ல, தங்கள் கல்லூரியை. ஆனால் நிலம் தப்பியதால் மரமும் தப்பியது.

அண்மைக்காலத்தின் பெரிய எடுத்துக்காட்டு ஹைதராபாத். அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தைத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்காக ஏலம் விட தெலங்கானா அரசு முனைந்தது. நிலம் சட்டப்படி அரசுக்குச் சொந்தம், காடு என்று அறிவிக்கப்பட்டதும் இல்லை என்பது அரசின் வாதம். அது மானும் மயிலும் வாழும் காடு, ஏரிகளும் பாறைகளும் கொண்ட நிலம் என்பது மாணவர்களின் வாதம். 2025 மார்ச் 30 யுகாதி, மார்ச் 31 நோன்புப் பெருநாள். அந்த விடுமுறை நாட்களில்தான் புல்டோசர்கள் இறங்கின. எதிர்த்த மாணவர்கள் பலரைக் காவல்துறை பிடித்துச் சென்றது.

ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தெலங்கானா உயர் நீதிமன்றப் பதிவாளரை நேரில் சென்று பார்க்கச் சொல்லி, ஏறத்தாழ 100 ஏக்கர் அழிக்கப்பட்டிருக்கிறது என்ற அவரது அறிக்கையின் அடிப்படையில் வேலையை நிறுத்த உத்தரவிட்டது. தொடர் விடுமுறையைப் பார்த்து ஏன் வேலை தொடங்கினீர்கள் என்றும் அரசைக் கேட்டது. அழித்ததை மீண்டும் உருவாக்கும் திட்டத்தோடு வாருங்கள் என்றது.

இந்த நிகழ்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலிப் படங்களும் அந்த நாட்களில் சமூக ஊடகங்களில் சுற்றின. மான்களும் மயில்களும் புல்டோசருக்கு முன்னால் ஓடுவதுபோன்ற படங்கள் அவை. அரசு அதைப் பிடித்துக்கொண்டது, வழக்குகளும் பதிவாயின. உண்மையான இழப்பு கண்முன் இருக்கும்போது ஒரு போலிப் படம் எதிர்த் தரப்புக்குத்தான் உதவும். நீதிமன்றத்தை நகர்த்தியது நேரில் பார்த்து எழுதிய அறிக்கை. நம் பிள்ளைகள் எதையும் பகிரும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வர்தா கற்பித்தது

நிலத்தைக் காப்பது ஒரு பாதி. அதில் எந்த மரத்தை எப்படி வளர்க்கிறோம் என்பது மறுபாதி. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. சில மணி நேரத்தில் நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. கிண்டி, ஐ.ஐ.டி., அடையாறு பிரம்மஞான சபை போன்ற பசுமையான இடங்களும் தப்பவில்லை.

விழுந்தவற்றில் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அழகுக்காகவும் விரைந்த நிழலுக்காகவும் வெளிநாடுகளிலிருந்து வந்த மரங்கள் நிறைய இருந்தன. விரைவில் வளரும் மரத்தின் கிளை எளிதில் முறியும். வேர் மேலோட்டமாக ஓடினால் காற்றுக்குத் தாங்காது. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அடிமரம் வரை சிமென்ட்டும் தரைக்கல்லும் போட்டு, ஒரு பக்கம் வடிகால் தோண்டி, மறுபக்கம் கேபிள் புதைத்து வேரை வெட்டிவிட்டால் நாட்டு மரமும் விழத்தான் செய்யும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்கு சிமென்ட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் அளவுகோலை வைத்து எந்தக் கல்லூரி வளாகத்தையும் ஒரு மாணவர் அரைமணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

பிரம்மஞான சபையின் புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் வீசிய புயலில் சாய்ந்தது. ஆனால் விழுதுகள் ஊன்ற சுற்றிலும் மண் இருந்ததால் மரம் அழியவில்லை. இடம் கொடுத்தால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளும்.

இந்தக் கரையோரத்துக்கு என்று மரங்கள் உண்டு. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை, நாவல், இலுப்பை, மகிழம், அத்தி, ஆல். மணலும் உப்புக்காற்றும் உள்ள மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக்குப் புன்னையும் பூவரசும் பொருந்தும். இவற்றில் பல மெதுவாக வளரும். விழாப் படத்துக்கு மெதுவாக வளரும் மரம் உதவாது. புயலுக்கு அதுதான் நிற்கும்.

ஜூன் விழாவும் சென்னை மழையும்

இன்னொரு எளிய உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. உலகச் சுற்றுச்சூழல் தினம் 1973 முதல் ஜூன் 5இல் கொண்டாடப்படுகிறது. அது சென்னையில் கத்திரி வெயில் முடிந்தும் முடியாத நேரம். சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. இடையில் மாலை நேர இடிமழை ஓரளவு உண்டு. அதை நம்பி கன்றை விட முடியாது. ஜூனில் நட்ட கன்றுக்கு அக்டோபர் வரை ஒருவர் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் மூன்று மாதங்களை வானமே பார்த்துக்கொள்ளும்.

விழா ஜூனில் நடக்கட்டும், நடவு செப்டம்பரில் நடக்கட்டும். ஜூன் 5ஐ சென்ற ஆண்டு நட்டவற்றை எண்ணிப் பார்க்கும் நாளாக மாற்றிக்கொள்ளலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்த சிக்கல் கல்லூரியின் காலக்கணக்கு. நவம்பரில் ஒரு தேர்வு, ஏப்ரலில் ஒரு தேர்வு, மே மாதம் விடுமுறை. கன்றுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் மே மாதத்தில் வளாகத்தில் மாணவர்களே இல்லை. ஒரு கன்று தன் வேரில் நிற்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இளங்கலைப் படிப்பும் மூன்று ஆண்டுகள். முதலாண்டில் நட்டவர், மரம் தழைக்கும் நேரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து வரும் குழுவுக்கு முந்தைய குழு எதை நட்டது என்றே தெரிவதில்லை. அவர்கள் புதிதாக ஒரு விழா நடத்துகிறார்கள், அதே இடத்தில் இன்னொரு குழி தோண்டுகிறார்கள்.

இதற்குப் பெயர் சோம்பல் இல்லை. பொறுப்பை ஒப்படைக்கும் ஏற்பாடு இல்லாததன் விளைவு. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், ஒரு பதிவேடு, ஆண்டிறுதியில் மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவரிடம் அதைக் கையளிக்கும் வழக்கம் இருந்தால் போதும். அமானத் என்ற சொல்லை நாம் அறிவோம். அந்தப் பதிவேடு ஓர் அமானத்.

கோப்பில் பசுமை

கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு, தன் ஏழாவது அளவுகோலில் வளாகத்தின் பசுமை முயற்சிகளையும் கேட்கிறது. வாகனங்கள் உள்ளே வருவதற்குக் கட்டுப்பாடு உண்டா, நடந்து செல்பவர்களுக்கு ஏற்ற பாதை உண்டா, பிளாஸ்டிக் தடை உண்டா, மரங்களோடு கூடிய நிலவமைப்பு உண்டா என்று அந்தப் பட்டியல் போகிறது. நல்ல கேள்விகள். ஆனால் அவற்றுக்கு ஆதாரமாகப் புகைப்படமும் சான்றிதழும் அறிக்கையும் இணைத்தால் மதிப்பெண் கிடைக்கிறது. அதனால் பல இடங்களில் பசுமை என்பது கோப்பைத் தயாரிக்கும் வேலையாகச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கவும் தடை விதித்தன. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்கும் வழக்கமும் கேன்டீனில் பிளாஸ்டிக் கப்பும் ஒரு வளாகத்தில் தொடர்ந்தால், அங்கே எத்தனை கன்று நட்டாலும் கணக்கு சரியாகாது. இலைச்சருகு மரத்தின் அடுத்த ஆண்டு உணவு. அதை எரித்துவிட்டு உரம் வாங்குவது விந்தையான சிக்கனம்.

மரத்தை வெட்டுவது பற்றிய சட்டநிலையையும் பெற்றோர் அறிய வேண்டும். கர்நாடகத்தில் 1976 முதலும் டெல்லியில் 1994 முதலும் மரங்களைக் காக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. தமிழகத்தின் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. 2021இல் அமைக்கப்பட்ட மாவட்ட பசுமைக் குழுக்களின் பார்வை பொதுநிலங்களில் உள்ள மரங்கள் மீது. ஆகவே தனியார் அல்லது அறக்கட்டளைக் கல்லூரி ஒன்றின் கதவுக்கு உள்ளே நிற்கும் மரத்துக்கு முதல் காவல் அந்த நிர்வாகத்தின் மனசாட்சிதான். இரண்டாவது காவல், அங்கே தினமும் அந்த நிழலில் நடக்கும் மாணவர்களின் கண்.

இடமா, மரமா?

நிர்வாகங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. புதிய பாடப்பிரிவுக்கு வகுப்பறை வேண்டும், ஆய்வகம் வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும். நம் சமுதாயத்தில் வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பெண்பிள்ளைக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைப்பது சிறிய செய்தியா? மரத்தைக் காட்டி அந்த இடத்தை மறுக்க முடியாது.

ஆனால் தேர்வு அப்படி இரண்டில் ஒன்றாக வருவது அரிது. பெரும்பாலான வளாகங்களில் மண்ணை விழுங்குவது வகுப்பறையைவிட வாகன நிறுத்தம். பழைய ஒற்றை மாடிக் கட்டடத்தின் மேல் இன்னொரு தளம் எழுப்பலாமா, இருக்கும் கட்டடத்தின் தடத்திலேயே புதிய கட்டடம் வரலாமா, வரைபடத்தைப் பத்தடி நகர்த்தினால் அந்த வேம்பு தப்புமா என்ற கேள்விகளை வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். கட்டட வேலை தொடங்கிய பிறகு கேட்டால் அது போராட்டம். வரைபடத்தின்போது கேட்டால் அது ஆலோசனை. கட்டடக் குழுக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதி ஒருவர் அமர்ந்திருந்தால் பல மோதல்கள் வராமலே போகும்.

மாணவர்களும் தங்கள் பங்கைத் தர வேண்டும். வளாகத்தில் மரம் வேண்டும் என்று பதாகை பிடித்துவிட்டு, அந்த மரத்தடியிலேயே பைக்கை நிறுத்தினால் கோரிக்கைக்கு எடை இருக்காது. வண்டிச் சக்கரம் அழுத்தும் மண் இறுகும், இறுகிய மண்ணில் வேருக்கு மூச்சு இல்லை. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். மாணவர்களுக்குச் சலுகை பாஸ் உண்டு. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் போகிறது. பைக் வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கும் தந்தைமார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உணவுப் பொட்டலமும் அப்படியே. ஐ.ஐ.டி. வளாகத்தில் பிளாஸ்டிக்கைத் தின்ற மான்கள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்தப் பிளாஸ்டிக் வானத்திலிருந்து விழவில்லை.

இருக்கும் நேரத்தை வைத்தே செய்யலாம்

படிப்புக்கு இடையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஒரு அலகில் 100 மாணவர்கள் என்றால் ஆண்டுக்கு 12,000 மணி நேரம். அதில் பத்தில் ஒரு பங்கை வளாக மரங்களுக்குக் கொடுத்தால் 1,200 மணி நேரம்.

சுற்றுச்சூழல் பாடமும் அப்படித்தான். 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. அதன்படி பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலைப் பிரிவுகளுக்கும் ஆறு மாதப் பாடத்தை வகுத்தது. அதில் களப்பணியும் ஒரு பகுதி. அந்தக் களப்பணிக்காக இணையத்திலிருந்து படமெடுத்து ஒட்டிய நோட்டுப் புத்தகங்களைக் கொடுப்பதற்குப் பதிலாக, தங்கள் வளாகத்தின் மரங்களையே மாணவர்கள் கணக்கெடுக்கலாம். இனத்தின் பெயர், அடிமரச் சுற்றளவு, அடியில் மண்ணா சிமென்ட்டா, ஆணி அறையப்பட்டிருக்கிறதா, நோய் உண்டா என்ற ஐந்து தகவல்கள் போதும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் எந்த நிர்வாகமும் மறுக்க முடியாத ஆவணம் அது. நாளை ஒரு மரம் காணாமல் போனால் கேள்வி கேட்க ஆதாரமும் அதுவே.

தொடர்ந்து கவனித்தால் என்ன நடக்கும் என்பதைக் கோட்டூர்புரத்தில் பார்க்கலாம். அடையாற்றுக்குப் பக்கத்தில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த பொதுநிலத்தை நிழல் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக மாற்றினார்கள். அங்கே நாட்டு மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. ஒரு நாள் விழாவில் அது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மண்வெட்டி பிடித்தவர்களால் வந்தது.

2022 செப்டம்பர் 24இல் தமிழக அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. நாற்றுகளுக்கு இனிப் பஞ்சமில்லை. பஞ்சம் வந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்குத்தான் வரும்.

மார்க்கம் சொல்வது

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நம் பிள்ளைகள் மதரஸாவில் கற்றிருக்கிறார்கள். அந்த நன்மை எதனுடன் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். உண்பதோடு. பறவை வந்து உண்ண வேண்டுமானால் மரம் பிழைத்து, வளர்ந்து, காய்த்து நிற்க வேண்டும். குழியில் காய்ந்துபோன கன்றில் எந்தப் பறவையும் அமராது. மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்தபோது அங்குள்ள மரங்களை வெட்டுவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். நடுவது, நிற்பதைக் காப்பது இரண்டும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன.

உளூவுக்கு நபியவர்கள் பயன்படுத்திய தண்ணீர் ஒரு முத்துதான். நம் குழாய்களில் எவ்வளவு ஓடுகிறது என்று நாமே அளந்து பார்க்கலாம். உளூ செய்த தண்ணீரில் சோப்பு இல்லை. தொழுகை இடம் உள்ள கல்லூரிகளில் அதை ஒரு சிறு வாய்க்காலில் மரத்தடிக்குத் திருப்புவது பெரிய பொறியியல் வேலையும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து சொட்டும் நீரும் அப்படியே. மே மாதத்தில் கன்றுகளைப் பிழைக்கவைக்க இந்தத் தண்ணீர் கைகொடுக்கும்.

நம் கல்வி நிறுவனங்கள் பலவும் யாரோ ஒரு செல்வந்தர் கொடுத்த நிலத்திலும், பலர் சேர்ந்து திரட்டிய நிதியிலும் எழுந்தவை. நிலையான தர்மம் என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்ட மண்ணை உயிரோடு வைத்திருப்பது, கொடுத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

ஹைதராபாத்தில் மாணவர்கள் வேனில் ஏற்றப்பட்ட காட்சியைப் பார்த்த நம் வீடுகளில், "இதெல்லாம் உனக்கு எதுக்கு, படிப்பை மட்டும் பாரு" என்று எத்தனை அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள்! அந்த அச்சம் புரிகிறது. ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட், வேலை என்று எத்தனை கதவுகள் மூடும் என்பதை நம் சமுதாயம் நன்றாக அறியும். ஆனால் மரங்களை எண்ணுவதற்கும், பதிவேடு எழுதுவதற்கும், முதல்வரிடம் மனு கொடுப்பதற்கும், வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கும் யாரும் வழக்குப் போடுவதில்லை. பிள்ளைகளை மௌனமாக்கினால் அவர்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று நினைக்கிறோம். கேள்வியை மரியாதையாக, ஆதாரத்தோடு கேட்கக் கற்றுக்கொடுத்தால் இன்னும் பாதுகாப்பாக இருப்பார்கள்.

அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் கேட்டு முடித்த பிறகு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்போம். சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? வளாகத்தின் மரங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? புதிய கட்டடம் வருவதாக இருந்தால் எந்த மரங்கள் போகும், அதை யார் முடிவு செய்தார்கள்? பத்துப் பெற்றோர் கேட்டால் நிர்வாகம் குறித்துக்கொள்ளும். நூறு பெற்றோர் கேட்டால் பதிவேடு வரும். முன்னாள் மாணவர்கள் கேட்டால் நிதியும் வரும்.

நம் பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் நிழலில் நடந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அதே நிழல் அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் இருக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த செப்டம்பரிலேயே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.